ஸ்ரீகார்யத்து மூன்று இருக்கைகள்

திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்நகரம் என்றால் பெரும்பாலும் அதன் தென்பாதிதான். சாலைக் கடைவீதி, வலியசாலை அக்கிரகாரம், கரமனை, கோட்டையகம், தம்பானூர் ரயில் நிலையம் ஆகியவற்றுக்கு உள்ளேயே நம்மவரின் பிறப்பும் வளர்ப்பும் வாணிகமும் அடங்கிவிடுகின்றன. வடபாதியில் ஓர் உறவினர் வைத்தியக் கல்லூரி மருத்துவமனையில் படுத்திருந்தாலோ, மகனுக்கோ மகளுக்கோ பொறியியற் கல்லூரியில் இடம் கிடைத்தாலோதான் நாம் அப்பக்கம் பஸ் ஏறுகிறோம். அவ்வாறு நம்மவர் பலர் அறிந்திருந்தும் சரியாகப் பார்த்திராத ஓர் இடத்தைப்பற்றி இங்கு எழுதத் துணிந்தோம். அவ்விடம் ஸ்ரீகார்யம். அங்கே 2022-ஆம் ஆண்டு ஒரு பலகையை முன்னிட்டு எழுந்த வழக்கு நாடு முழுவதும் பேசப்பட்டது. பத்திரிகையில் படித்தவர் பலர். இடத்தைச் சென்று கண்டவர் சிலரே. அவ்வாண்டு ஓணம் கழிந்து, செப்டம்பர் மாதக் கடைசியில், தைக்காட்டு அலுவலகத்தில் ஒரு நாள் விடுப்பு வாங்கிக்கொண்டு நாம் அங்குச் சென்று வந்தோம்.

வழியிற் கண்டவை

தம்பானூரில் ஏறினால் ஸ்ரீகார்யம் வடக்கே ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் இருக்கும். தூரம் சிறிதாயினும் வழி சரித்திரம் நிறைந்தது. நாம் புறப்படும் தம்பானூர் நிலையமே 1931-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன், 1918 முதல், கொல்லத்திலிருந்து வந்த ரயில் கடற்கரைப் பக்கத்துச் சாக்கையோடு நின்றுவிடும். தெற்கே நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் ரயில் ஓடத் தொடங்கியது 1979-இல்தான். அவ்வாண்டிலேயே நமது திருவனந்தபுரம் கோட்டமும் அமைந்தது. அதுவரை நாஞ்சில் நாட்டுத் தமிழர் பஸ்ஸிலும் வண்டியிலுமே இந்நகருக்கு வந்து சென்றனர் என்பதை இன்றைய இளைஞர் நம்புவதும் அரிது.

பஸ் மகாத்மா காந்தி சாலையில் தலைமைச் செயலகத்தைத் தாண்டிப் பாளையம் நோக்கிச் செல்கையில் பல்கலைக் கல்லூரியின் பழைய கட்டடம் தென்படும். மகாராஜா கல்லூரி என்று பெயர் பெற்றிருந்த நாளில் அங்கே தத்துவப் பேராசிரியராய் இருந்தவர் மனோன்மணீயம் ஆசிரியர் சுந்தரம் பிள்ளை. அந்நாடக நூல் 1891-இல் வெளிவந்தது. சாலைக் கடைவீதியின் வாழ்வைக் கதையாக்கிய ஆ. மாதவனும், நீல பத்மநாபனும், நகுலனும் இந்நகரத்துத் தமிழரே. நாம் இங்கு வெறும் வாடகைக் குடியினர் அல்லர் என்பதை நினைவூட்ட அக்கட்டடம் ஒன்றே போதும்.

பாளையத்துக்கு அப்பால் பி.எம்.ஜி. சந்திப்பு. நாம் காணப்போகும் பொறியியற் கல்லூரி 1939-இல் தொடங்கப்பட்டபோது முதலில் இவ்விடத்தில்தான் இருந்தது. பின்னரே ஸ்ரீகார்யத்துக்குப் பெயர்ந்தது. அடுத்துப் பட்டம், அதன்பின் கேசவதாசபுரம். சாலைக் கடைவீதியை உண்டாக்கிய திவான் ராஜா கேசவதாசின் பெயரைத் தாங்கியது அவ்வூர். பிறகு உள்ளூர், போங்குமூடு, சாவடிமுக்கு. சாவடி என்றால் வழிப்போக்கர் தங்குமிடம் என்று நம் தமிழ் அறியும். ஓர் இருக்கையின் வழக்கைக் காணச் செல்பவர்க்குச் சாவடிமுக்கு என்ற பெயர்ப்பலகை வரவேற்புக் கூறுவது பொருத்தமாகவே பட்டது.

ஸ்ரீகார்யம் என்ற சொல்லும் நமக்கு அயலன்று. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் கோயில் நிருவாகத்துக்கு ஸ்ரீகாரியம் என்றே பெயர். அதனை மேற்கொண்டோர் ‘ஸ்ரீகாரியம் செய்வார்’ எனப்பட்டனர். ஊருக்கு இப்பெயர் வந்த வகை எதுவாயினும் பொதுக் காரியம் என்ற வாசனை அதில் வீசுகின்றது. 2010-ஆம் ஆண்டு வரை ஸ்ரீகார்யம் தனிப் பஞ்சாயத்து. அவ்வாண்டு கழக்கூட்டம், வட்டியூர்க்காவு, குடப்பனக்குன்று, விழிஞ்ஞம் ஆகியவற்றோடு சேர்த்துத் திருவனந்தபுரம் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது.

இவ்வூரின் மற்றொரு சிறப்பு, 1963-இல் நிறுவப்பட்ட மத்தியக் கிழங்கு ஆராய்ச்சி நிலையம். விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் மரவள்ளியைப் பரப்பினார். அரிசி கிடைக்காத பஞ்ச நாட்களில் மலையாளத்தாரின் பசி தீர்த்த அக்கிழங்குக்கு ஆராய்ச்சிசாலை வைத்திருக்கும் ஊர் இது. ஆகவே ஸ்ரீகார்யத்தில் ஒரு பக்கம் விஞ்ஞானம், ஒரு பக்கம் பொறியியல், நடுவில் தென்னையும் பலாவும் சூழ்ந்த வீடுகள், அவ்வீடுகளில் ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்கள் என்ற அமைப்பு. அமைதியை விரும்பும் முதியோரும், ஆரவாரம் இயல்பான இளையோரும் ஒரே சாலையைப் பகிர்ந்துகொள்ளும் ஊர் என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வழக்கின் வித்து அங்கேதான் இருந்தது.

நடந்தது என்ன?

கேரளத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நிழற்கூடத்தை ‘வெயிட்டிங் ஷெட்’ என்றே எல்லாரும் வழங்குகின்றனர். இவற்றை அரசாங்கமும் உள்ளாட்சி மன்றங்களும் மட்டும் கட்டுவதில்லை. வாசகசாலைகள், விளையாட்டுக் கழகங்கள், தொழிற்சங்கங்கள், கட்சிக் கிளைகள், வெளிநாட்டில் பொருளீட்டியவர்கள், மறைந்த தாய் தந்தையர் நினைவாகப் பிள்ளைகள் எனப் பலரும் கட்டி வைப்பது இந்நாட்டு வழக்கம். கட்டியவர் பெயர் நெற்றியில் பெரிதாய் எழுதப்பட்டிருக்கும். மழை மிகுந்த நாட்டில் இது பெரிய தருமம் என்பதில் ஐயமில்லை.

பொறியியற் கல்லூரிக்கு அருகில் இருந்த நிழற்கூடமும் அவ்வகையைச் சேர்ந்ததே. அவ்வட்டாரக் குடியிருப்போர் சங்கத்தார் பல ஆண்டுகளுக்கு முன் அமைத்தது. அதனுள் நீண்ட இருக்கை ஒன்று இருந்தது. கல்லூரி விட்டபின் மாணவரும் மாணவியரும் அதில் சேர்ந்தமர்ந்து பஸ்ஸுக்குக் காத்திருப்பர். பஸ் வந்த பின்னும் சிலர் பேசிக்கொண்டிருப்பர். 2022-ஆம் ஆண்டு ஜூலை மாதம் மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் மாணவர் வந்து பார்க்கையில் அந்நீண்ட இருக்கை துண்டாடப்பட்டு, இடைவெளி விட்டு, ஒருவர் மட்டும் அமரத்தக்க மூன்று தனி இருக்கைகளாய் மாறியிருந்தது.

ஆணும் பெண்ணும் அருகருகே அமராதிருக்கவே இவ்வாறு செய்யப்பட்டது என்று மாணவர் கொண்டனர். அவர்கள் கல்லெறியவில்லை, கூச்சலிடவில்லை. அருகில் அமர்வதுதானே குற்றம், மடியில் அமரலாம் அன்றோ என்று, ஒவ்வோர் இருக்கையிலும் ஒருவர் மடியில் ஒருவராய் அமர்ந்து படம் எடுத்து வெளியிட்டனர். அப்படம் ஒரே நாளில் நாடெங்கும் பரவிற்று. சிரித்தவர் பலர், சினந்தவர் சிலர், இரண்டும் செய்தவரும் உண்டு.

ஓரிரு நாட்களில் அப்போதைய மேயர் ஆரியா ராஜேந்திரன் நேரில் வந்து பார்த்தார். 2020-ஆம் ஆண்டின் இறுதியில் தமது 21-ஆம் வயதில் மேயர் பதவி ஏற்றவர் அவர். அப்பதவிக்கு அத்தனை இளமையில் இந்தியாவில் வந்தவர் வேறெவரும் இல்லை. இருக்கையைத் துண்டித்த முறை பொருத்தமற்றது, முற்போக்கான சமூகத்துக்கு ஏற்றதன்று என்று முகநூலில் எழுதினார். ஆணும் பெண்ணும் சேர்ந்தமரக் கேரளத்தில் தடை இல்லை என்பதையும் சுட்டினார். அத்தோடு மற்றொன்றும் சொன்னார்: நிழற்கூடம் உரிய அனுமதி பெறாமல் கட்டப்பட்டது, பழுதடைந்தும் இருக்கிறது, ஆகவே மாநகராட்சியே அங்கு ஆண் பெண் பேதமற்ற புதிய நிழற்கூடம் கட்டும் என்றார். செப்டம்பர் நடுவில் மாநகராட்சி ஆட்கள் வந்து பழைய கூடத்தை இடித்தனர்.

நாம் சென்ற நாளில்

நாம் சென்றபோது கூடம் இல்லை. கூடம் இருந்த அடையாளமே இருந்தது. வானம் மூடிக்கொண்டிருந்தது. மாணவியர் நால்வர் குடை பிடித்தவாறு நின்றிருந்தனர். அவர்களுக்குச் சற்றுத் தள்ளி, கையில் மருந்துப் பையுடன் ஒரு முதியவர் கைத்தடியை ஊன்றி நின்றார். பஸ் வரக் கால் மணி நேரமாயிற்று. அதுவரை அனைவரும் நின்றே இருந்தனர். ஒருவர் பக்கத்தில் ஒருவர் அமரலாமா என்ற வழக்கில் எவரும் அமர இடமின்றி நின்ற காட்சி அது.

அருகிலிருந்த தட்டுக்கடையில் ஒரு சாயா குடித்தோம். கடைக்காரர் இரு பக்கத்தாருக்கும் சாயா விற்பவர். ஆதலால் இரு பக்கத்தையும் குறை கூறாமல், தமக்கு வேண்டியது மழைக்கு ஒரு கூரை என்பதோடு நிறுத்திக்கொண்டார். அரசியல் அறிந்தவர் என்று மெச்சினோம்.

இவ்வழக்கு நம் சங்கத்துக்கும் வெகு அருகில் வந்தது. சாலையில் பாத்திரக் கடையில் கணக்கெழுதும் அன்பர் ஒருவர், நாகர்கோவில் பக்கத்தவர், அவரை அண்ணாச்சி என்றே அழைப்போம். அவர் மகள் அப்போது அக்கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். குடும்பத்தில் பொறியியல் படிக்கச் சென்ற முதல் பெண் அவளே. படம் வெளிவந்த மறுநாள் ஊரிலிருந்து உறவினர் வரிசையாய்த் தொலைபேசியில் அழைத்து, படத்தில் இருப்பது அவளா என்று கேட்டனராம். அவள் அல்லள். ஆயினும் அண்ணாச்சிக்கு மூன்று நாள் உறக்கமில்லை. கல்லூரிக் கட்டணத்துக்கு வாங்கிய கடனைவிட அத்தொலைபேசி அழைப்புகள் அவரைப் பெரிதும் வாட்டின.

ஸ்ரீகார்யம் சென்று வந்த மாலையில் அவர் இல்லத்துக்குச் சென்றோம்.

“தம்பி, சங்கத்தார் செய்தது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. அவர்களும் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள். நாம் பிழைக்க வந்த ஊரில் பேர் கெட்டால் ஊரிலும் முகம் காட்ட முடியாது; இங்கும் முடியாது” என்றார் அண்ணாச்சி.

மகள் உள்ளிருந்து காப்பி கொண்டுவந்து வைத்தாள். சிறிது தயங்கிப் பின் பேசினாள்:

“சித்தப்பா, நான் அந்தப் பலகையில் ஒரு நாளும் பையனோடு உட்கார்ந்தது கிடையாது. என் தோழியோடுதான் உட்காருவேன். மூன்றாக வெட்டிய பிறகு அவளோடும் உட்கார முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற பாட்டி ஒருவர் பேரனோடு வருவார். அவரும் பேரனைத் தள்ளித்தான் உட்கார வைக்க வேண்டும். எங்களைப் பிரிப்பதாக நினைத்து எல்லாரையும் பிரித்துவிட்டார்கள். அப்பா, மழையில் ஏழெட்டுப் பெண்கள் நிற்கிறோம், மூன்று பேர்தான் உட்காரலாம் என்றால் அது எங்களைக் காப்பதா?”

அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. காப்பியை ஆற்றிக் குடித்தார். சிறிது நேரம் கழித்து, “பாட்டி விஷயம் எனக்குத் தெரியாது” என்று மட்டும் சொன்னார்.

இருதரப்பு நியாயம்

நாமும் அன்றிரவு இதைப் பலவாறு எண்ணிப் பார்த்தோம். குடியிருப்போர் பக்கத்தில் நியாயமே இல்லை என்று தள்ளிவிடுவது எளிது; ஆனால் அது நேர்மை அன்று. உள்ளாட்சி மன்றம் கட்டாத நாளில் தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கூரை அமைத்தவர்கள் அவர்கள். அவ்வீதியில் நாள்தோறும் வாழ்பவர்களும் அவர்களே. மாணவர் நான்கு ஆண்டில் படிப்பு முடித்துச் சென்றுவிடுவர். வீட்டுக்காரர் அங்கேயே இருப்பர். தம் வாயிலருகே நடப்பதில் தமக்கு ஒரு சொல் உண்டு என்று அவர் கருதுவது இயற்கை. மேலும், பல்லாண்டுகள் அக்கூடம் அவ்விடத்திலேயே நின்றது. அதுவரை அனுமதியைப்பற்றி எழாத பேச்சு, வழக்கு வந்தபின் எழுந்ததே என்று அவர்கள் முணுமுணுத்தால் அதையும் குற்றம் என்று சொல்வதற்கில்லை.

மன்றத்தின் பக்கத்து நியாயமோ வேறு வகையானது. சாலை எவருக்கும் தனியுடைமை அன்று. 1994-ஆம் ஆண்டின் கேரள நகராட்சிச் சட்டம் பொதுத் தெருக்களை நகராட்சியின் பொறுப்பில் வைத்து, அனுமதியின்றித் தெருவில் எழும் கட்டுமானத்தை அகற்றும் அதிகாரத்தையும் தருகின்றது. சட்டம் இவ்வாறு இருப்பதற்குக் காரணம் உண்டு. இன்று ஒருவர் நல்லெண்ணத்தோடு இருக்கை வைப்பார். நாளை ஒருவர் அதையே சாக்காகக் கொண்டு கடை வைப்பார். மறுநாள் ஒருவர் இன்னார் அமரலாம், இன்னார் அமரலாகாது என்று கட்டளை வைப்பார். கட்டளை இடும் உரிமை எவரிடத்தில் இருக்கவேண்டும்? தேர்தலில் நின்று, தவறினால் மக்களால் நீக்கப்படக்கூடியவரிடத்திலா? அல்லது செங்கல் வாங்கிக் கொடுத்தவரிடத்திலா? நாம் முன்னதையே சரி என்போம்.

ரயில்வேயில் பணி புரிவோருக்கு இது புதிய கேள்வி அன்று. நிலையங்களின் மேடைகளில் எத்தனையோ பலகைகள் கழகத்தாராலும் தனவந்தராலும் நன்கொடையாய்த் தரப்பட்டவை. முதுகுப்பக்கத்தில் அவர் பெயர் பொறித்திருக்கும். ஆனால் பலகை மேடைக்கு வந்த பின், அதில் அமர்பவர் யார் என்பதில் கொடுத்தவருக்குச் சொல் இல்லை. முதல் வகுப்புக்காரரும், டிக்கெட்டைக் கையில் சுருட்டிய கூலியாளும், கைக்குழந்தையோடு வந்தவளும் ஒரே பலகையில் அமர்கின்றனர். பயணி படுத்துறங்காதிருக்க நடுவில் கைப்பிடி வைத்த இருக்கைகளும் பிற்காலத்தில் வந்துள்ளன. அமரும் பலகையின் வடிவமே ஒரு சட்டம் என்பதை அக்கைப்பிடிகள் நமக்குக் காட்டும். எழுதிய சட்டத்தை மறுத்து மனு எழுதலாம். இரும்பாலும் சிமெண்டாலும் ஆன சட்டத்தை மறுக்க வழி எது? மடியில் அமர்வது ஒன்றே அம்மாணவருக்குத் தோன்றிய மனு.

பெண்களுக்குத் தனிக் காத்திருப்பு அறையும், ரயிலில் தனிப் பெட்டியும், கேரளத்துப் பஸ்களில் தனி இருக்கைகளும் இருக்கின்றனவே, அவையும் பிரிப்பதுதானே என்று ஒருவர் கேட்கலாம். வேற்றுமை உண்டு. பெண்கள் பெட்டியில் ஏறுவது பெண்ணின் விருப்பம். அவள் விரும்பினால் தன் தமையனோடும் கணவனோடும் நண்பரோடும் பொதுப் பெட்டியில் செல்லலாம். அது அவளுக்குக் கூடுதலாய் ஓர் இடம் தருகின்றது. துண்டித்த பலகையோ இருந்த இடத்தையும் குறைத்து, விருப்பத்தையும் பறித்தது. காப்பு என்பது இடத்தைக் கூட்டும். தடை என்பது இடத்தைக் குறைக்கும். இந்த ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டால் எது காப்பு, எது தடை என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

சாலை பெற்ற கதை

இந்நாட்டில் சாலையும் சாவடியும் எல்லாருக்கும் எளிதில் வாய்த்தவை அல்ல. பழைய திருவிதாங்கூரில் வழியம்பலங்கள் பல இருந்தன. ஆனால் தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்டவர்க்கு அம்பலம் மட்டுமன்று, சாலையே மூடியிருந்தது. இந்நகருக்குத் தெற்கே உள்ள வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி, 1893-இல் வில்வண்டி ஏறிப் பொதுச் சாலையில் ஓட்டிச் சென்றார். அது பெரும் துணிவு. அடியும் உதையும் எதிர்பார்த்தே செய்த செயல். பின்னர் 1924-இல் வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய சாலைகளில் எல்லாரும் நடக்க வேண்டும் என்ற சத்தியாக்கிரகம் எழுந்தது. அதற்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்து சிறை சென்றவர் ஈ.வெ. ராமசாமிப் பெரியார். 1925-இல் ஏற்பட்ட உடன்பாட்டால் மூன்று பக்கத்துச் சாலைகள் திறந்தன. கிழக்குப் பக்கத்தார் சாலை அப்போதும் திறக்கவில்லை. 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது.

ஆணும் பெண்ணும் அமரும் வழக்கும் சாதி வழக்கும் ஒன்று என்று நாம் கூறவில்லை. அங்கு இருந்த கொடுமை வேறு. இங்கு இருந்த கவலை வேறு. ஆனால் பொது வழியில் யார் எங்கே எவரோடு இருக்கலாம் என்பதை வழியோரத்து வீட்டார் தீர்மானிக்கலாகாது என்ற பாடம், இம்மண்ணில் மிகுந்த விலை கொடுத்துக் கற்கப்பட்டது. அவ்விலையில் தமிழர் பங்கும் உண்டு. ஆகவே அப்பாடத்தை மறக்க நமக்கு உரிமை இல்லை.

நம் முன்னோர் கொடை எவ்வகையினது என்பதையும் நினைக்கலாம். நாஞ்சில் நாட்டிலும் திருநெல்வேலிச் சீமையிலும் பழைய வழிகளில் இன்றும் சுமைதாங்கிக் கற்கள் நிற்கின்றன. இரு கல் நட்டு ஒரு கல் கிடத்தியது. வேறு அலங்காரம் இல்லை. கருவுற்றிருக்கையில் பிள்ளை பெறாமலே இறந்த பெண்ணின் நினைவாக அவளைச் சேர்ந்தோர் அதனை நடுவது வழக்கம். அவள் இறக்காமற் போன சுமையை வழிப்போக்கர் இறக்கிக்கொள்ளட்டும் என்ற கருத்து. இத்தகைய துயரத்தில் எழுந்த கல்லிலும், இன்ன சுமைதான் இறக்கலாம், இன்னாரே இறக்கலாம் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. உப்புச் சுமையும் விறகுச் சுமையும் அதன்மேல் மாறி மாறி இருந்தன. கொடுத்தபின் கையை எடுத்துவிடுவதே கொடை. கையை எடுக்காமல் கொடுப்பது கடன்; அதற்கு வட்டியும் கேட்கத் தோன்றும்.

நமக்குரிய கடமை

இதனால் நம் சங்கத்தாரும் பிற ஊர்களில் வாழும் தமிழ்ச் சங்கத்தாரும் அறியவேண்டியவை சில உண்டு. கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறோம். கோயில் வாயிலில் கல்லிருக்கை போடுகிறோம். பஸ் நிற்குமிடத்தில் கூரை அமைக்க நன்கொடை திரட்டுகிறோம். பிழைக்க வந்த ஊருக்கு நன்றி செலுத்தும் வழி அது. ஆனால் முதலில் மன்றத்தின் அனுமதியை எழுத்தில் பெறவேண்டும். வாய்மொழி அனுமதி, அதைத் தந்த அதிகாரி மாற்றலாகும் வரைதான் உயிரோடிருக்கும். இதை ரயில்வே குமாஸ்தாவைவிட நன்கறிந்தவர் இல்லை. கட்டி முடித்ததும் பொறுப்பை மன்றத்திடம் ஒப்படைத்து, பழுது பார்ப்பது யார் என்பதையும் குறித்துவிடவேண்டும். பெயர் பொறிப்பதானால் சிறிதாய்ப் பொறிக்கலாம். பலகையை நீளமாகவே வைக்கவேண்டும்.

மன்றங்களுக்கும் ஒரு விண்ணப்பம். மக்கள் தாமே கூரை கட்டிக்கொள்ளும் வரை காத்திருப்பதும், வழக்கு வந்தபின் அனுமதியை நினைப்பதும் முறையன்று. வைத்தவரை அழைத்துப் பேசி, பலகையைச் சேர்த்து வைக்கச் சொல்லி, அவர் மறுத்தால் மேற்கொண்டு நடவடிக்கை எடுப்பது நல்லது. இடிப்பதானால், இடிக்கும் நாளிலேயே தற்காலிகக் கூரை ஒன்று எழவேண்டும். முதியவர் ஒருவர் கால் மணி நேரம் கைத்தடியில் நின்றதை நாம் கண்டோம். அவர் எந்தக் கட்சியிலும் சேர்ந்தவராய்த் தோன்றவில்லை.

பெற்றோருக்கு ஒரு சொல். அண்ணாச்சியின் கவலை நம் எல்லாருடைய கவலை. பிறந்த ஊரில் தெருவே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது. இங்கே தெருவை நாம் அறியோம், தெரு நம்மை அறியாது. ஆதலால் அஞ்சுகிறோம். ஆனால் அறியாத தெருவில் நம் பெண்ணுக்குத் துணை, அவள் பக்கத்தில் அமரும் மற்றொருவரே. தனித்தனியே விலக்கி வைத்த மூன்று இருக்கைகளில் துணை இல்லை. மாலை இருட்டில் பஸ் தாமதமாகும்போது, நிறைய பேர் நெருங்கி அமர்ந்த நீண்ட பலகையே பாதுகாப்பு. அண்ணாச்சி அவ்வாரமே மகளுக்குப் பெரிய குடை ஒன்று வாங்கிக் கொடுத்தார், இருவர் நிற்கத்தக்கது. மறுவாரத்திலிருந்து மாதம் ஒரு முறை தாமே அப்பக்கம் சென்று அவளோடு பஸ்ஸுக்கு நின்று வருவதாகவும் சொன்னார். அவள் படிப்பு தடைப்படவில்லை.

ஸ்ரீகார்யம் செல்லும் அன்பர்கள் கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தைக் கேட்டறிந்து காண்க. கல்லூரியின் மரநிழற் சாலையிலும் சிறிது நடந்து வருக. தம்பானூரிலிருந்து கழக்கூட்டம் செல்லும் பஸ்கள் அவ்வழியே அடிக்கடி உண்டு. பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் பலகை கிடைத்தால் ஓரத்தில் அமர்ந்து, அடுத்து வருபவருக்கு இடம் விடுங்கள்.